நிழல் பக்கத்து ஊரும் நூறு பிள்ளை அலமாரியும்

நாங்கள் இப்போது குடியிருக்கும் ஊர் கோச்சியாவ். சீனாவின் கிழக்கே ஜெஜியாங் மாகாணத்தில், ஷாவ்ஷிங் நகரத்தைச் சேர்ந்த பகுதி. துணி வியாபாரம் செய்கிறவர்களுக்கு இந்தப் பெயரைச் சொன்னால் போதும். உலகத்தின் மிகப் பெரிய துணிச் சந்தைகளில் ஒன்று இங்கேதான் இருக்கிறது. சூரத்காரர்கள், மும்பைக்காரர்கள், நம் ஈரோடு, கரூர்க்காரர்கள் என்று இந்தியர்கள் நிறையப் பேர். என் கணவர் திரைத்துணி வாங்கி அனுப்பும் வேலையில் இருக்கிறார். மகனைக் கல்லூரி விடுதியில் சேர்த்த கையோடு நானும் இங்கே வந்து சேர்ந்தேன்.

இந்த வட்டாரத்துக்கு ஒரு பழைய பெயர் உண்டு. ‘ஷான்யின்’. ஷான் என்றால் மலை. யின் என்றால் நிழல் படும் பக்கம். தெற்கே குவைஜி என்றொரு மலை. அதன் வடக்குச் சரிவில், வெயில் குறைவாக விழும் பக்கத்தில் இருப்பதால் இரண்டாயிரம் வருஷத்துக்கு மேலாக அந்தப் பெயர். 1912-இல்தான் பக்கத்து வட்டத்தோடு சேர்த்து ஷாவ்ஷிங் என்று ஆக்கினார்கள். வெயில் படும் பக்கத்துக்குப் பெயர் யாங். மலைக்குத் தெற்குப் பக்கம் யாங், வடக்குப் பக்கம் யின். ஆறாக இருந்தால் தலைகீழ். வடகரை யாங், தென்கரை யின். லுவோ ஆற்றின் வடகரையில் இருப்பதால்தான் அந்தப் புகழ்பெற்ற பழைய தலைநகருக்கு லுவோயாங் என்று பெயராம்.

யின், யாங் என்றதும் கறுப்பும் வெள்ளையுமாக இரண்டு மீன் வளைந்து படுத்திருக்கும் வட்டம் உங்களுக்கு ஞாபகம் வரும். பெரிய தத்துவம் போல இருக்கும். ஆனால் மொட்டை மாடியில் துணி காயப்போடுகிற நமக்கு இதை யாரும் சொல்லித்தரவே வேண்டாம். காலை பத்து மணிக்கு நிழலில் கிடக்கும் கொடி, மூன்று மணிக்கு வெயிலுக்கு வந்துவிடுகிறது. கொடி அதேதான். யின் என்றும் யாங் என்றும் ஒரு பொருளின் நெற்றியில் நிரந்தரமாக எழுதி ஒட்டுவதில்லை. ஒன்றை இன்னொன்றோடு வைத்துப் பார்க்கும்போதுதான் எது நிழல், எது வெயில் என்பது. இரவும் குளிர்ச்சியும் ஓய்வும் ஈரமும் யின். பகலும் சூடும் ஓட்டமும் யாங். உடம்பின் உட்பக்கம் யின், வெளிப்பக்கம் யாங். மார்பு யின், முதுகு யாங். வயலில் குனிந்து நாற்று நடுகிறவர்களுக்கு வெயில் எங்கே விழும் என்று நினைத்துப் பாருங்கள், சரியாகத்தான் இருக்கிறது.

இதையெல்லாம் நான் தெரிந்துகொண்டது படிப்பு ஆசையால் அல்ல. எனக்கு 47 வயது. போன வருஷத்திலிருந்து ராத்திரி இரண்டு மணிக்கு முழிப்பு. கழுத்திலிருந்து காது வரை திடீரென்று நெருப்பு வைத்தாற்போல ஒரு சூடு, உடனே வேர்வை. போர்வையை உதறினால் ஐந்து நிமிஷத்தில் குளிர். மாத விலக்கும் கணக்குத் தவறிவிட்டது. இந்த வயதில் எல்லாருக்கும் வருவதுதான், எனக்கும் தெரியும். தூக்கம் இல்லாததுதான் தாங்க முடியவில்லை. எங்கள் குடியிருப்பின் கீழே ஒரு சிறிய மருந்துக் கடை. அங்கிருந்த பெண் என் நாக்கை நீட்டச் சொல்லிப் பார்த்தாள், மணிக்கட்டைத் தொட்டுப் பார்த்தாள், தன் கைபேசியில் ஏதோ பேசி என்னிடம் நீட்டினாள். திரையில் தமிழில் வந்தது: ‘உங்கள் சிறுநீரகம் பலவீனம்.’

சகோதரிகளே, என் அம்மா சிறுநீரகம் கெட்டுத்தான் போனார்கள். வாரத்துக்கு இரண்டு நாள் டயாலிசிஸுக்கு அழைத்துக்கொண்டு போனவள் நான்தான். அந்த இரண்டு வருஷமும் எங்கள் வீட்டில் உப்பு டப்பாவைத் தொடவே பயம். அந்த ஒரு வரியைப் படித்ததும் எனக்கு ஈரக்குலை நடுங்கிவிட்டது.

ராத்திரி அவரிடம், “ஏனுங்க, கிட்னி வீக்குன்னு சொல்றாளுங்களே, அம்மாவுக்கு வந்தது எனக்கும் வந்திருச்சுங்களா?” என்றேன்.

“அட, மருந்துக் கடைப் புள்ள நாக்கைப் பார்த்தா கிட்னி தெரியுமாக்கும்? பேசாமப் படு,” என்றார். சொன்னாரே தவிர, அவரும் அன்று தூங்கவில்லை.

எதிர் வீட்டில் ஒரு வயதான அம்மாள். அவரை நான் ‘ஆயி’ என்று கூப்பிடுகிறேன். சீனத்தில் சித்தி, அத்தை மாதிரி மூத்த பெண்களை அப்படித்தான் அழைப்பார்கள். நம் ஊரில் அம்மாவை அழைக்கும் ஆயி இங்கே எப்படி வந்து உட்கார்ந்தது என்று முதலில் சிரிப்பாக இருந்தது. அவருடைய மகள் பள்ளியில் ஆங்கிலம் சொல்லித்தரும் டீச்சர். விஷயத்தைக் கேட்டதும் அந்தப் பெண், “ஆன்ட்டி, இதை இங்கே பாதிப் பேருக்குச் சொல்வார்கள்! வாருங்கள், ஹாங்ஜோவுக்குப் போய் நல்ல வைத்தியராகப் பார்ப்போம்” என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்களை அழைத்துக்கொண்டு கிளம்பினாள்.

ஷாவ்ஷிங்கின் மெட்ரோ ரயிலையும் ஹாங்ஜோவின் மெட்ரோ ரயிலையும் 2021-இல் இணைத்துவிட்டார்கள். இணையும் நிலையத்தின் பெயருக்கு ‘கன்னிப் பெண் பாலம்’ என்று அர்த்தம். அக்டோபர் மாதம். மேற்கு ஏரியைச் சுற்றி ஊரெல்லாம் ‘குய்ஹுவா’ பூ பூத்திருந்தது. இத்தனூண்டு மஞ்சள் பூ, வாசனையோ தெருவையே தூக்குகிறது. ஹாங்ஜோவின் நகரப் பூ அதுதான். ஏரியைப் பற்றி எல்லாரும் எழுதியிருக்கிறார்கள், நான் விட்டுவிடுகிறேன். எங்களுக்கு வேலை ஏரிக்குப் பக்கத்தில் வூஷான் குன்றின் அடியில் இருக்கும் ஹஃபாங் தெருவில்.

கடைத்தெருவின் நெரிசலுக்கு நடுவே, ஒரு சந்தில் திரும்பினால் கோட்டை மதில் போல வெள்ளைச் சுவர். அதில் ஆள் உயரத்துக்கு மேல் கறுப்பில் சீன எழுத்துக்கள். இதுதான் ‘ஹூ ச்சிங் யூ தாங்’ மருந்துக் கடை. 1874-இல் தொடங்கியது, இன்றும் வியாபாரம் நடக்கிறது. உள்ளேயே ஒரு பகுதி 1991-லிருந்து சீன மருத்துவ அருங்காட்சியகமாகவும் இருக்கிறது. கடை என்று சொன்னால் நம்பமாட்டீர்கள், செட்டிநாட்டு வீடு மாதிரி இருக்கிறது. செதுக்கிய மரத் தூண்கள், நடுவில் வானம் தெரியும் முற்றம், சுற்றிலும் கூடம். நடைபாதையின் சுவர் நெடுகக் கறுப்புப் பலகைகளில் தங்க எழுத்தில் மருந்துகளின் பெயர்கள், எது எதற்கு என்ற விவரத்தோடு. டீச்சர் ஒவ்வொன்றாகப் படித்துச் சொன்னாள். சீன மருந்துகளுக்குப் பெயர் வைக்கிற அழகே தனி. மனச்சுமையால் வரும் பெண்களின் மாதக் கோளாறுக்கு ஒரு பழைய சூரணம் உண்டாம், அதன் பெயர் ‘கவலையில்லா உலா’. பெயரைக் கேட்டாலே பாதி குணம்!

கடையைக் கட்டியவர் ஹூ ஷ்யூயான் என்ற வணிகர். படைத் தலைவர்களுக்கே பணம் புரட்டிக் கொடுத்த கோடீஸ்வரர். கடைசியில் 1883-இல் பட்டு வியாபாரத்தில் அத்தனையும் தொலைத்து, 1885-இல் ஒன்றுமில்லாமல் இறந்தார். செல்வம் போனது, மருந்துக் கடை நின்றது. கூடத்தில் அவர் 1878-இல் மாட்டிய ஒரு பலகை இருக்கிறது. இரண்டே எழுத்து, ‘ஏமாற்றாதே’ என்று பொருள். அதில் எனக்குப் பிடித்தது என்னவென்றால், கடைகளில் இப்படிப்பட்ட பலகையை வாடிக்கையாளர் பார்க்கும்படி வாசலை நோக்கித்தான் மாட்டுவார்கள், இல்லையா? இது உள்பக்கம் பார்த்து மாட்டியிருக்கிறது. கல்லாவில் நிற்கும் ஆட்கள் நிமிர்ந்தால் கண்ணில் படும்படி.

கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு தங்கக் கரண்டியும் வெள்ளிப் பாத்திரமும் வைத்திருக்கிறார்கள். ஒரு குறிப்பிட்ட மருந்தை இரும்பில் கிளறினால் சரக்கு கெட்டுவிடும் என்று அவர் செய்துவைத்தவை. புளியைப் பித்தளையில் ஊறவைக்காதே என்று என் மாமியார் சொன்னது ஞாபகம் வந்தது.

சுவர் முழுக்க அஞ்சறைப் பெட்டியைப் பெரிதாக்கியது போல இழுப்பறைகள். இந்த அலமாரிக்கு ‘நூறு பிள்ளை அலமாரி’ என்று பெயர். ஒவ்வொரு இழுப்பறைக்கும் உள்ளே இரண்டு மூன்று தடுப்பு. கனமான கல், கிளிஞ்சல் எல்லாம் கீழ் வரிசையில், லேசான பூவும் இலையும் மேலே. அடிக்கடி சேர்ந்து போகும் சரக்குகள் பக்கத்துப் பக்கத்தில். ஒன்றுக்கொன்று ஆகாத சரக்குகள் அருகருகே வைக்கப்படுவதில்லை. கல்லாப் பையன் தங்க ஆசாரி வைத்திருக்கும் தராசு போல ஒரு சின்னத் துலாக்கோலைக் கையில் தூக்கிப் பிடித்து நிறுத்தான். நிறுத்ததைக் காகிதத்தில் கொட்டினால், இலந்தை மாதிரி சிவப்புப் பழம், இஞ்சி, சுருண்ட பட்டைகள். வீட்டில் காய்ச்ச நேரமில்லாதவர்களுக்கு அவர்களே இயந்திரத்தில் கஷாயம் வைத்துப் பால் பாக்கெட் போலப் பையில் அடைத்துத் தருகிறார்கள்.

கடையை ஒட்டியே வைத்தியசாலை. எங்களுக்குக் கிடைத்தவர் அறுபதைத் தாண்டிய பெண் வைத்தியர். ரொம்ப நிதானம். சிறிய தலையணையில் என் கையை வைத்து மூன்று விரலால் நாடி பார்த்தார். நம் சித்த வைத்தியரும் மூன்று விரல்தான் வைப்பார். அவர் தேடுவது வாதம், பித்தம், கபம். இவர்கள் தேடுவது உறுப்புகளை. இடது மணிக்கட்டில் இதயம், கல்லீரல், சிறுநீரகத்தின் யின். வலது மணிக்கட்டில் நுரையீரல், மண்ணீரல், சிறுநீரகத்தின் யாங். பிறகு நாக்கு. சிவந்து, மேலே மாவு போன்ற படிவு இல்லாமல் இருக்கிறதாம். கேள்வி மட்டும் இருபது கேட்டிருப்பார். ராத்திரி உள்ளங்கை சுடுகிறதா, காதில் ரீங்காரம் உண்டா, இடுப்பு வலிக்கிறதா, தாகம் எடுத்தால் வெந்நீரா பச்சைத் தண்ணீரா என்று. கடைசியில் அவரும் அதே வார்த்தையைத்தான் சொன்னார்: சிறுநீரகத்தில் யின் குறைவு.

நான் டீச்சர் மூலமாக என் அம்மா கதையைச் சொன்னேன். அந்த அம்மாள் எழுதுகோலைக் கீழே வைத்துவிட்டார். அடுத்த கால் மணி நேரம் அவர் எனக்குப் பாடமே நடத்தினார். நான் புரிந்துகொண்டதை என் வழியில் சொல்கிறேன்.

இரண்டாயிரம் வருஷப் பழமையான ‘மஞ்சள் பேரரசரின் உள் நூல்’தான் இவர்களுக்கு மூல நூல். அதில் உடம்பு ஓர் அரசாங்கம். இதயம் ராஜா, நுரையீரல் மந்திரி, கல்லீரல் திட்டம் போடும் சேனாபதி, பித்தப்பை தீர்ப்பு சொல்லும் அதிகாரி, மண்ணீரலும் இரைப்பையும் தானியக் களஞ்சியத்துக்குப் பொறுப்பு. சதைத் துண்டை வெட்டிப் பார்த்து வைத்த கணக்கு அல்ல. எந்த வேலை யார் பொறுப்பு என்று பிரித்த கணக்கு. எங்கள் மாமியார் வீடு கூட்டுக் குடும்பம். அங்கே ‘சின்ன அத்தை’ என்றால் சமையற்கட்டு, ‘பெரிய மாமா’ என்றால் கடை வரவு செலவு. ‘இன்னிக்குச் சின்ன அத்தை சரியில்லை’ என்று யாராவது சொன்னால், சோறு குழைந்துவிட்டது என்றுதான் அர்த்தம். யாரும் அத்தைக்கு டாக்டரைக் கூப்பிட ஓடமாட்டார்கள்.

அப்படித்தான் இவர்களுடைய சிறுநீரகமும். நீரைக் கையாள்வது அதன் வேலைகளில் ஒன்று மட்டும். அப்பா அம்மாவிடமிருந்து வாங்கி வந்த உயிர்ச்சத்தைப் பூட்டிவைப்பது அதன் பெரிய வேலை. பல் முளைப்பது, எலும்பு வளர்வது, தலைமுடி, காது கேட்பது, வயதுக்கு வருவது, பிள்ளை பெறுவது எல்லாம் அதன் இலாகா. பயம் அதன் உணர்ச்சி, குளிர்காலம் அதன் பருவம். மண்ணீரல் என்றால் செரிமானம். ஓயாமல் கவலைப்பட்டால் மண்ணீரல் கெடும், பசி போகும் என்கிறார்கள். இது சீன வைத்தியர் சொல்லித்தான் தெரியவேண்டுமா என்ன! நுரையீரலுக்குத் துக்கம், கல்லீரலுக்குக் கோபம். கல்லீரல் ரத்தத்தைச் சேமித்துவைக்கிறது என்பதால் பெண்களின் மாத விலக்குக்கும் அதையே பொறுப்பாக்குகிறார்கள். சண்டைக்குப் பிறகு சிலருக்குத் தேதி தள்ளிப்போவதைப் பார்த்திருப்பீர்கள்.

இந்த ஐந்தும் சேமிக்கும் உறுப்புகள், யின். இவற்றுக்கு ஜோடியாக யாங் உறுப்புகள்: கல்லீரலுக்குப் பித்தப்பை, இதயத்துக்குச் சிறுகுடல், மண்ணீரலுக்கு இரைப்பை, நுரையீரலுக்குப் பெருங்குடல், சிறுநீரகத்துக்கு மூத்திரப்பை. யின் உறுப்பு நம் அரிசி டின், பருப்பு டப்பா மாதிரி. நிறைந்திருக்க வேண்டும், சிந்தக் கூடாது. யாங் உறுப்பு வடிதட்டு மாதிரி. உள்ளே வந்தது வெளியே போய்க்கொண்டிருக்க வேண்டும், தங்கக் கூடாது. ஆறாவதாக ‘மூன்று அடுப்பு’ என்று ஒன்று உண்டு. அதை உடம்பில் எங்கே என்று கத்தி வைத்துத் தேடினாலும் கிடைக்காது. வேலைக்கு வைத்த பெயர்தான் என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டாம். இந்த எல்லா உறுப்புக்குள்ளும் ஓடுகிற சக்திக்கு இவர்கள் சொல்லும் பெயர் ‘ச்சீ’. நமக்குத் திட்டுகிற மாதிரி காதில் விழுகிறது, என்ன செய்வது!

பின்னாளில் மேல்நாட்டு உடற்கூற்றியல் இங்கே வந்தபோது, அந்தச் சதை உறுப்புகளுக்கும் ஏற்கெனவே இருந்த இந்தப் பெயர்களையே வைத்துவிட்டார்கள். காண்டன் நகரில் ஹாப்சன் என்ற ஆங்கில டாக்டர் 1851-இல் சீனத்தில் கொண்டுவந்த நூல் அந்த வகையில் முன்னோடி. அன்றிலிருந்து ஒரே சொல்லுக்கு இரண்டு பொருள். ஆஸ்பத்திரி ‘சிறுநீரகம்’ வேறு, நாடி பார்ப்பவர் ‘சிறுநீரகம்’ வேறு. கைபேசிக்கு இது எப்படித் தெரியும்? நம் மொழியிலும் உண்டே, ‘பெத்த வயிறு பத்தி எரியுது’ என்று ஒரு தாய் அழுதால் யாராவது சோடா உப்புக் கலக்கிக் கொடுப்பார்களா? எனக்கு ஈரக்குலை நடுங்கியது என்று மேலே எழுதினேனே, அதை அப்படியே சீனத்தில் மாற்றினால் கல்லீரல் நோய் என்று மருந்து கொடுத்தாலும் கொடுப்பார்கள்.

பெண்களின் வயதுக்கு அந்த நூலில் ஏழாம் வாய்பாடு இருக்கிறது. 7 வயதில் பல் விழுந்து முளைக்கிறது. 14-இல் பூப்பு. 28-இல் உடம்பு உச்ச பலம். 35-இல் முகம் வாட ஆரம்பிக்கிறது. 42-இல் நரை. 49-இல் மாத விலக்கு நிற்கிறது. இரண்டாயிரம் வருஷமாக இந்தக் கடைசி எண்ணில் பெரிய மாற்றமில்லை பாருங்கள். (ஆண்களுக்கு எட்டாம் வாய்பாடாம்.) எனக்கு இன்னும் இரண்டு வருஷம். யின் என்ற ஈரம் சுண்டுகிற காலம். அடுப்பு அதே அடுப்புத்தான், தீயைக் கூட்டவில்லை. பாத்திரத்தில் தண்ணீர் குறைந்ததால் அடிபிடிக்கிறது. இதை ‘வெறுஞ்சூடு’ என்கிறார்கள். காய்ச்சல், தொண்டைப்புண் மாதிரி வருவது ‘நிறைசூடு’. நிறைசூட்டுக்குத் தீயை அணைக்க வேண்டும், வெறுஞ்சூட்டுக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டும். நாம் இரண்டையும் ‘உடம்புச் சூடு’ என்று ஒரே கணக்கில் போட்டு, எண்ணெய் தேய்த்துக் குளிப்பதோடு நிறுத்திக்கொள்கிறோம். இந்தப் பாகுபாடு எனக்குப் பிடித்திருந்தது.

எழுதிக் கொடுத்தது ஆறு சரக்கு சேர்ந்த ஓர் உருண்டை. மிளகை விடக் கொஞ்சம் பெரிது, கன்னங்கரேல் என்று இருக்கும். முக்கியச் சரக்கு ஒரு கிழங்கு. அதை ஆவியில் வேகவைத்து வெயிலில் காயவைத்து, இப்படி ஒன்பது தடவை செய்தால் பேரீச்சம்பழம் போலக் கறுத்து இனிக்கும். இந்த மருந்தைக் கண்டுபிடித்தவர் சுங் அரச காலத்துக் குழந்தை வைத்தியர் ச்சியான் யீ. 1119-இல் வந்த நூலில் இருக்கிறது. அவர் இதைச் செய்தது நம்மைப் போன்றவர்களுக்காக அல்ல, உச்சிக்குழி மூடாமல், வளர்ச்சி மந்தமான கைக்குழந்தைகளுக்காக! வளர்வதும் சிறுநீரகத்தின் இலாகா ஆயிற்றே.

அதோடு அந்த அம்மாள் சொன்னதுதான் எனக்கு முக்கியம். “உன் தாய்க்கு அந்த நோய் இருந்தது என்றால், என் விரலை நம்பி இருக்காதே. ரத்தமும் சிறுநீரும் சோதித்துவிட்டு வந்து உருண்டையைச் சாப்பிடு” என்றார். இங்கே சீன வைத்திய ஆஸ்பத்திரியிலேயே அந்தச் சோதனைகள் உண்டு. மறுநாளே ஊரில் எடுத்தோம். கிரியாட்டினின் 62 என்று வந்ததும் எனக்கு மறுபடி மயக்கம் வராத குறை. இங்கே மைக்ரோமோல் என்ற அளவில் போடுகிறார்கள். நம் ஊர்க் கணக்குக்கு 88.4-ஆல் வகுக்க வேண்டும். வகுத்தால் 0.7. நல்ல அளவு. சிறுநீரில் புரதமும் இல்லை. அவர் அந்தக் காகிதத்தைப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் மடித்துத் தன் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். பல நாளைக்கு அது அங்கேயே இருந்தது.

உருண்டையை இரண்டு மாதம் சாப்பிட்டேன். தூக்கம் வருகிறது. உருண்டையாலா, 0.7-ஆலா என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியாது. பகலில் வேர்ப்பது இன்னும் இருக்கிறது.

‘மூலிகைதானே, கெடுதல் என்ன’ என்று நாம் சொல்வதை அந்த அம்மாள் ஒத்துக்கொள்ளவில்லை. பெல்ஜியத்தின் பிரஸ்ஸல்ஸ் நகரில் 1990-ஐ ஒட்டி, உடம்பு இளைக்க மாத்திரை சாப்பிட்ட நூறு பெண்களுக்கு மேல் நிஜமான சிறுநீரகம் கெட்டுப்போனது. 1993-இல் வெளியே வந்தது காரணம். ‘ஃபாங் ஜி’ என்று முடியும் இரண்டு சீன வேர்கள் உண்டு. பெயர் ஒற்றுமையால் ஒன்றுக்குப் பதில் அரிஸ்டலோகியா வகை வேர் கலந்துவிட்டது. அந்த வகைச் செடியில் உள்ள அமிலம் சிறுநீரகத்தைச் சுருக்கிவிடும், புற்றுநோயும் உண்டாக்கும். சீனாவே அந்த இனத்தைச் சேர்ந்த ஒரு சரக்கை 2003-இல் மருந்துப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது. இதை நான் இங்கே எழுதுவதற்குக் காரணம், நம் ஊர் ஆடுதீண்டாப்பாளையும் ஈஸ்வரமூலியும் அதே அரிஸ்டலோகியா குடும்பம்தான். பாட்டி கைமருந்து என்று யாராவது அரைத்துக் கொடுத்தால், குறிப்பாகப் பிள்ளைகளுக்கு, வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுகிறவர்களும் சீன மூலிகைக் கஷாயம் பக்கம் டாக்டரைக் கேட்காமல் போகக் கூடாது. சில வேர்கள் ரத்தக் கசிவை அதிகமாக்கிவிடும்.

இன்னொரு பக்கத்தையும் சொல்லவேண்டும். எங்களுக்கு அடுத்த ஊர் நிங்போ. அங்கே 1930-இல் பிறந்த தூ யோயோ என்ற பெண்மணி, பழைய வைத்திய நூல் ஒன்றில் ஒரு செடியைக் கொதிக்க வைக்காமல் நீரில் ஊறவைத்துப் பிழியச் சொல்லியிருப்பதைக் கவனித்தார். சூடுதான் சத்தைக் கெடுக்கிறதோ என்று யோசித்து, குறைந்த சூட்டில் சத்தைப் பிரித்து எடுத்தார். மலேரியாவுக்கு ஆர்டிமிசினின் கிடைத்தது அப்படித்தான். 1972-இல் முதலில் தானே சாப்பிட்டுப் பார்த்திருக்கிறார். 2015-இல் நோபல் பரிசு. பழைய நூலை மதித்தார், சோதிக்காமல் யாருக்கும் கொடுக்கவில்லை.

நவம்பர் முதல் வாரம் குளிர்காலத் தொடக்கம் என்று இவர்கள் பஞ்சாங்கம் சொல்கிறது. அன்றிலிருந்து இந்தப் பக்கத்து வைத்தியசாலைகளில் லேகியம் கிண்டுகிறார்கள். பெரிய செப்புப் பாத்திரத்தில் முப்பது, நாற்பது சரக்கைக் காய்ச்சி வடித்து, நம் பிரசவ லேகியப் பதத்தில் ஜாடியில் அடைத்து, ஒவ்வொருவர் உடம்புக்கும் தனித்தனியாகத் தருகிறார்கள். சைவம் சாப்பிடுகிறவர்கள் ஜாக்கிரதை, அதில் பலவற்றில் கழுதைத் தோலைக் காய்ச்சி எடுத்த பசை சேர்கிறது! பிள்ளை பெற்றவர்களை ஒரு மாதம் பச்சைத் தண்ணீரில் கை வைக்க விடாமல் இஞ்சியும் முட்டையும் கொடுத்து உட்கார வைப்பதும் நம் வீட்டுப் பத்தியத்தையே பார்ப்பது போல இருக்கிறது. அதைத் தனியாகத்தான் எழுத வேண்டும்.

இலையுதிர் காலம் நுரையீரலின் காலம், உடம்பு வறளும் என்று ஆயி வாரம் ஒரு முறை ஒரு பாயசம் காய்ச்சுவார். மருந்தாக இல்லாவிட்டாலும் ருசிக்காகவே செய்யலாம். வெள்ளைப் பஞ்சு மாதிரி உலர்ந்த ஒரு காளான் உண்டு, ஒன்று போதும். ஒரு மணி நேரம் குளிர்ந்த நீரில் ஊறவைத்து, மஞ்சள் காம்பை வெட்டி எறிந்துவிட்டுச் சிறு துண்டுகளாகக் கிள்ளுங்கள். ராத்திரி முழுக்க ஊறப்போடவே கூடாது. வெக்கையில் காளானில் விஷக் கிருமி வளர்ந்து உயிருக்கே ஆபத்தானது உண்டு. ஒரு கைப்பிடி தாமரை விதையோடு சேர்த்து நிறைய நீர் விட்டுச் சிறு தீயில் ஒன்றரை மணி நேரம் வேகவிட்டால் கொழகொழவென்று கஞ்சிப் பதம் வரும். பிறகு நாலு சிவப்பு இலந்தையும் கல்கண்டும் போட்டு இறக்குங்கள். பாலும் வேண்டாம், நெய்யும் வேண்டாம். ஆயி மேலே குய்ஹுவாப் பூவை நாலு தூவுவார், நமக்கு ஏலக்காய் போதும். நம் ஊர்க் கடையில் தாமரை விதை என்று கொடுக்கும் பொரி மக்கானா வேறு செடியினுடையது, அது இதற்கு ஆகாது. நிஜமான தாமரை விதையைப் பிளந்தால் நடுவில் பச்சையாக ஒரு முளை இருக்கும். எடுத்துவிடுங்கள், கசக்கும். ஆயி அதையும் எறிவதில்லை. தனியே காயவைத்து, மருமகளோடு வாக்குவாதம் நடக்கும் நாட்களில் வெந்நீரில் போட்டுக் குடிக்கிறார், இதயச் சூட்டுக்காம்.